யாரிடம் பேசுகிறோம், எதைக் கேட்கிறோம்: காட்டுயிர்ப் பாதுகாப்பும் பொதுமக்களும்

2024 மார்ச் மாதம் கேரள அரசு மனிதர்-காட்டுயிர் மோதலை மாநிலப் பேரிடராக அறிவித்தது.  அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1984 நவம்பரில், அணைக்கட்டுத் திட்டம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட அமைதிப் பள்ளத்தாக்கு இதே மாநிலத்தில்தான் தேசியப் பூங்காவானது. ஒரு காட்டுக்காகக் கவிஞரும் ஆசிரியரும் மாணவரும் தெருவில் இறங்கிய மாநிலத்தில், இன்று காட்டுயிர் என்ற சொல்லைக் கேட்டாலே மலையோர ஊர்களில் கோபம் மூள்கிறது. இடைப்பட்ட காலத்தில் மக்களின் படிப்பு குறைந்துவிடவில்லை. பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் பெருகின, நாளிதழ்கள் காட்டுயிர்ச் செய்திக்குப் பக்கங்களை ஒதுக்கின, யானையின் படம் எல்லாக் கைப்பேசிகளிலும் வலம் வருகிறது. எனவே, 'மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை' என்று வழக்கமாகச் சொல்லப்படும் விடை இங்கே செல்லாது. காட்டுயிரைப் பற்றிப் பொதுமக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற கேள்வியை அந்த விடைக்கு அப்பால் நின்றே ஆராய வேண்டியிருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டில் கேரளத்திலும் தமிழகத்திலும் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகத் தெரிகிறது. காட்டுயிர் மீது அன்பை வளர்ப்பதோடு நின்றுவிட்ட பேச்சு நிலைக்கவில்லை. செயல்படக்கூடிய கைகள் எவருடையவை என்று கண்டு அவர்களிடம் அவர்கள் மொழியில் பேசி, பாதுகாப்பின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை மறைக்காமல் சொல்லி, செய்வதற்கு ஒரு வேலையையும் கையில் கொடுத்த பேச்சுதான் பலன் தந்திருக்கிறது.

வென்ற வாதம் எப்படி வென்றது

அமைதிப் பள்ளத்தாக்கின் கதை பெரும்பாலும் கவிதையின் வெற்றியாகவே சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரியின் 'மரத்தினு ஸ்துதி' அந்த இயக்கத்தின் கூட்டங்களில் முதற்பாடலாக ஒலித்தது. எழுத்தாளர்கள் கூடி அமைத்த இயற்கைப் பாதுகாப்புச் சமிதி ஊர் ஊராகச் சென்று பேசியது. ஆனால் கவிதை தனியாக நின்று வாதாடவில்லை. பாலக்காடு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அந்தத் திட்டத்துக்கு 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் தந்திருந்தது. மலபார் பகுதியில் மின்பற்றாக்குறை இருந்தது, வேலையில்லாத இளைஞர்களும் இருந்தார்கள். அந்தக் காட்டில் வாழும் சோலைமந்திக் குரங்குகளுக்காக மனிதர்கள் இருட்டில் இருக்க வேண்டுமா என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் கேட்டபோது அந்தக் கேள்விக்குக் கனம் இருந்தது. மக்களிடையே அறிவியலைக் கொண்டுசென்ற அமைப்பான கேரள சாஸ்த்ர சாஹித்ய பரிஷத் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், பொறியாளர் எம்.பி. பரமேஸ்வரன் உள்ளிட்ட ஐவர் எழுதி 1979-இல் வெளிவந்த அறிக்கை காட்டின் மதிப்பை மட்டும் எடுத்துரைக்காமல் மின்சாரத்தின் கணக்கையும் போட்டுக் காட்டியது. இந்தத் திட்டம் இல்லாமலே மலபாரின் தேவையை வேறு வழிகளில் நிறைவுசெய்ய முடியுமா, கடத்தும் வழியில் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது, இந்த அணை உண்மையில் எத்தனை பேருக்கு வேலை தரும் என்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு அது விடை சொன்னது. ஒரு தாவரவியலாளரும் ஒரு பொறியாளரும் ஒரே தாளில் கையெழுத்திட்டது, கேட்பவர்களின் கவலையை மதித்துப் பேசியதற்கு அடையாளம்.

அந்த இயக்கத்தின் இன்னொரு பலம் அதன் அமைப்பு. 1962-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பரிஷத், அறிவியலை மலையாளத்தில் எழுதுவதையே முதல் நோக்கமாகக் கொண்டிருந்தது. அமைதிப் பள்ளத்தாக்கு விவாதம் வந்தபோது அதன் கிளைகள் ஏற்கெனவே ஊர்களில் வேரூன்றி இருந்தன. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களே அதன் பேச்சாளர்களாக இருந்தார்கள். வெளியிலிருந்து வந்து அறிவுரை சொன்னவர்களாக மக்கள் அவர்களைப் பார்க்கவில்லை. சோலைமந்தியைக் குறித்த ஆய்வுகள், சாலிம் அலி போன்றோரின் குரல், எம்.எஸ். சுவாமிநாதனின் அறிக்கை, எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு என்று மேலிருந்து வந்த அழுத்தமும் சேர்ந்தே 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. என்றாலும் டெல்லியில் எடுக்கப்பட்ட அந்த முடிவைக் கேரளம் ஏற்றுக்கொண்டதற்கு, மக்களிடையே முன்பே நடந்திருந்த உரையாடல்தான் காரணம். ஆனால் ஒன்றை இங்கே மறந்துவிடக் கூடாது. அந்தப் பள்ளத்தாக்கின் நடுவே விளைநிலங்களும் வீடுகளும் இல்லை. காட்டைக் காப்பாற்றியதன் செலவு, கிடைக்காமல் போன மின்சாரமாக மாநிலம் முழுவதற்கும் பங்கிடப்பட்டது. எந்தவொரு குடும்பத்தின் வாசலிலும் அது தனியாக வந்து நிற்கவில்லை. அதே பாணியில் எங்கும் வெல்லலாம் என்ற நம்பிக்கை பிற்காலத்தில் தோற்றதற்கு வித்து இங்கேயே இருந்தது.

அறிக்கை வந்தது, பேச்சு வரவில்லை

மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் குறித்து ஆராய 2010-இல் அமைக்கப்பட்ட மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் தன் அறிக்கையை ஒப்படைத்தது. மலைத்தொடர் முழுவதையும் மூன்று தரங்களாகப் பிரித்து, எங்கே எதைச் செய்யலாம் என்பதைக் கிராம சபைகளிடமிருந்து தொடங்கி முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மக்களிடம் கேட்டு முடிவெடுக்கச் சொன்ன அந்த அறிக்கை மக்களின் கைக்கு வரவேயில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு போராட்டம் நடந்து முடிந்த பிறகு, 2012 மே மாதம்தான் அது பொதுவெளிக்கு வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அதை மலையாளத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் ஊராட்சிகளுக்கு அனுப்பி விவாதிக்க வைக்கும் கடமையை அரசுகள் ஏற்கவில்லை. அந்த வெற்றிடத்தில் வதந்திகள் குடியேறின. வீடு கட்ட முடியாது, பசு வளர்க்க முடியாது, நிலத்தை விற்க முடியாது, குடியேறிய விவசாயிகளை இறக்கிவிடுவார்கள் என்ற பேச்சு இடுக்கியிலும் வயநாட்டிலும் பரவியது. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் மலைத்தொடரின் சுமார் 37 விழுக்காட்டைச் சூழல் கூருணர்வுப் பகுதியாகக் குறித்து, கேரளத்தில் 123 கிராமங்களை அதில் சேர்த்தபோது கடையடைப்பும் வன்முறையும் மூண்டன. 2014 மக்களவைத் தேர்தலில் இடுக்கித் தொகுதியின் முடிவையே அந்தக் கோபம் தீர்மானித்தது.

இந்தத் தோல்வியை மக்களின் அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. மலைநாட்டுச் சிறு விவசாயிக்குப் பட்டா என்பது இரண்டு தலைமுறைப் போராட்டத்தின் பலன். உணவுப் பஞ்சக் காலத்தில் அரசே ஊக்குவித்துக் குடியேற்றிய குடும்பங்கள் பின்னர் அதே அரசின் வெளியேற்றல்களையும் பார்த்தன. அப்படிப்பட்டவரிடம் அவர் படிக்க முடியாத மொழியில், அவர் நிலத்தைக் குறித்த வரைபடம் ஒன்று வந்தால் அவர் அஞ்சுவது இயல்பு. பரிஷத்தின் 1979 அறிக்கை எதிர்த்தரப்பின் கேள்வியைத் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டது. 2012-இல் அந்த வேலையைச் செய்யும் பொறுப்பு எவருக்கும் தரப்படவில்லை. 'என் நிலத்துக்கு என்ன ஆகும்' என்ற ஒற்றைக் கேள்விக்கு ஊராட்சி அலுவலகத்தில் மலையாளத்திலும், தமிழ்த் தொழிலாளர்கள் மிகுந்த மூணாறு, பீருமேடு எஸ்டேட்டுகளில் தமிழிலும் ஒரு தாளில் விடை கிடைத்திருந்தால் எதிர்ப்பே இருந்திருக்காது என்று சொல்ல முடியாது. குவாரி உரிமையாளர்களின் நலன்களும் அரசியல் கணக்குகளும் அங்கே இருக்கத்தான் செய்தன. ஆனால் அந்த நலன்களுக்குச் சாதாரண விவசாயியின் அச்சம் அவ்வளவு எளிதாகத் துணைக்குக் கிடைத்திருக்காது.

தூரத்து அன்பும் அருகிலிருக்கும் ஆபத்தும்

எழுத்துக்கும் அறிக்கைக்கும் மாற்றாகப் படமும் உணர்ச்சியும் வந்த காலம் இது. 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றில் நின்றபடியே ஒரு கருவுற்ற யானை இறந்தது. பயிரைத் தின்ன வரும் விலங்குகளுக்காக வைக்கப்பட்ட வெடிப்பொருள் அதன் வாயைச் சிதைத்திருந்தது. வனத்துறை ஊழியர் ஒருவர் முகநூலில் எழுதிய குறிப்பு சில நாட்களில் நாடு முழுவதையும் கலங்க வைத்தது. அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். நடந்த இடம் மலப்புரம் என்று தவறாகப் பரப்பப்பட்டு, அந்த மாவட்டத்து மக்கள் மீதே வெறுப்பு கொட்டப்பட்டது. பயிரைக் காக்க வெடி வைக்கும் பழக்கம் ஏன் வந்தது, காட்டுப்பன்றியால் இழப்புக்குள்ளாகும் விவசாயிக்கு இழப்பீடு எத்தனை மாதத்தில் கிடைக்கிறது, வெடிப்பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகள் அந்தப் பேரிரைச்சலில் கேட்கவே இல்லை. கோடிக்கணக்கானோர் அழுதார்கள், வெடி வைக்கும் தோட்டங்களில் எதுவும் மாறுவதற்கு அந்த அழுகை வழி செய்யவில்லை.

அரிக்கொம்பன் யானையின் கதை இதே பிளவை இன்னும் தெளிவாகக் காட்டியது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில், யானைகள் நடமாடும் வழியிலேயே 2000-களின் தொடக்கத்தில் ஆதிவாசிக் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அரிசியைத் தேடி வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அந்த யானை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்டது. அது மலையிறங்கி மே மாத இறுதியில் தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஓர் உயிர் போனது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதைப் பிடித்து, களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் மேல் கோதையாறு பகுதியில் கொண்டுபோய் விட்டது. இந்த நாட்களில் நகரங்களில் யானைக்கு ரசிகர்கள் உருவானார்கள், நிதி திரட்டினார்கள், நீதிமன்றம் சென்றார்கள். சின்னக்கானலிலும் கம்பத்திலும் கோதையாற்றிலும் இருந்தவர்கள் இரவைக் கண்விழித்துக் கழித்தார்கள். இரு தரப்பாரும் ஒருவரோடொருவர் பேசவே இல்லை. யானையை நேசித்தவர்கள் தவறு செய்தார்கள் என்பது இங்கே வாதம் ஆகாது. யானை வழித்தடத்தில் வீடு கட்டிக்கொடுக்கப்பட்ட ஆதிவாசிக் குடும்பத்தின் நியாயத்தையும் யானையின் நியாயத்தையும் ஒரே மூச்சில் பேசும் குரல் பொதுவெளியில் வலுப்பெறவில்லை என்பதே குறை. காட்டுயிருக்காகப் பேசுபவர்கள் பாதிக்கப்பட்ட மனிதரைக் குறித்து மௌனம் காக்கும்போது, அந்த மௌனத்தைப் பாதிக்கப்பட்டவர் மறப்பதில்லை.

தகவல் என்னும் தொண்டு

உணர்ச்சிக்கு மாறாக, பயன்படும் தகவலைக் கொடுத்துப் பார்த்த இடம் வால்பாறை. தேயிலைத் தோட்டங்களும் அவற்றிடையே துண்டு துண்டாகச் சோலைகளும் கொண்ட அந்த மேட்டுநிலத்தில் யானைகள் ஆண்டுதோறும் வந்து போகின்றன. அங்கே யானையால் நேர்ந்த மரணங்களை இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு அருகில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்பது புலப்பட்டது. யானையை வெறுத்ததால் எவரும் சாகவில்லை, நேசிக்காததாலும் சாகவில்லை. மாலையில் வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் தொழிலாளிக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை. அதனால் யானைகள் எந்த எஸ்டேட்டில் நிற்கின்றன என்ற செய்தி உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியிலும், 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் அன்றாடம் போனது. முக்கிய இடங்களில் சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டன; அவற்றைக் கைப்பேசியால் எரிய வைக்கும் பொறுப்பு அந்தந்தப் பகுதி மக்களிடமே இருந்தது. ஆண்டுக்குச் சராசரியாக மூன்றாக இருந்த மரணங்கள் ஒன்று என்ற அளவுக்கு இறங்கின. இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது செய்தியின் தன்மை. யானையைப் பாதுகாப்போம் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. இன்று இந்த வழியில் நடக்காதே என்று மட்டுமே இருந்தது. அந்தச் செய்தி நாள்தோறும் உண்மையாக இருந்ததால் அதை அனுப்பியவர்கள் மேல் நம்பிக்கை வளர்ந்தது. யானை தங்கள் ஊர் வழியாகப் போய்வரும் உயிர் என்பதை ஏற்கும் மனநிலைக்கு அந்த நம்பிக்கையே இடம் கொடுத்தது.

தகவல் எட்டாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 2024 பிப்ரவரி 10 அன்று வயநாட்டின் மானந்தவாடி அருகே நடந்த மரணம் சான்று. கர்நாடகத்தில் பிடிபட்டுக் கழுத்தில் அலைவரிசைப் பட்டை மாட்டி விடப்பட்ட ஆண் யானை எல்லை தாண்டி வந்து, ஒரு வீட்டு வளவுக்குள் ஒருவரைக் கொன்றது. அது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி யானையின் கழுத்திலேயே இருந்தது; ஆனால் அந்தச் செய்தி அந்த வீட்டை எட்டவில்லை. அதற்கு அடுத்த மாதமே பேரிடர் அறிவிப்பு வந்தது. தகவல் தொண்டாக மாறிய இன்னொரு துறை பாம்புக்கடி. கேரளத்தில் ஆண்டுதோறும் யானையைவிடப் பாம்பினால் இறந்தவர்களே அதிகம். 2020-இல் கேரள வனத்துறை 'சர்ப்பா' செயலியைக் கொண்டுவந்து, பயிற்சியும் உரிமமும் பெற்ற பாம்பு மீட்பர்களைப் பொதுமக்களோடு இணைத்தது. வீட்டில் பாம்பைக் கண்டவருக்கு அடிப்பதைத் தவிர வேறு வழி ஒன்று முதன்முறையாக உறுதியாகக் கிடைத்தது. அதன் பிறகு மாநிலத்தின் பாம்புக்கடி மரணங்கள் பெருமளவு குறைந்திருக்கின்றன. அந்தக் குறைவுக்கு மருத்துவமனைகளின் பங்கும் உண்டு. முழுப் பெருமையையும் செயலிக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும் பாம்பைக் கொல்லாதே என்று எத்தனை தலைமுறை சொல்லியும் நடக்காதது, கொல்லாமல் என்ன செய்யலாம் என்று ஓர் எண்ணைக் கொடுத்ததும் நடக்கத் தொடங்கியது.

வலை யார் கையில்

கடற்கரைக்கு வந்தால் 'யாரிடம் பேசுகிறோம்' என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சென்னையில் மாணவர்கள் 1988-இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் இரவு நடையை நடத்தி, முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறது. அந்த மணலில் நடந்து இயற்கை ஆர்வலராக ஆனவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். தமிழகத்தில் நகர மக்களைக் காட்டுயிரோடு நேரில் சேர்த்த முயற்சிகளில் இதற்கு நிகராகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனாலும் 2025 ஜனவரியில் சென்னையிலும் அண்டைக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் அந்த மாதங்களில் வரக் கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது. ஆமை மூச்சு வாங்க மேலே வர முடியாமல் வலைக்குள் மூச்சடைத்துச் சாகிறது. அந்தச் சாவைத் தடுக்கும் கை விசைப்படகில் இருக்கிறது. இரவு நடைக்கு வந்தவரிடம் இல்லை. இது நடையைக் குறைத்துச் சொல்வதற்காக அன்று. அதோடு சேர்ந்து படகு உரிமையாளரோடும் தொழிலாளரோடும் தனியான ஓர் உரையாடல் நடக்க வேண்டும் என்பதற்காகவே. அந்த உரையாடலுக்கு வலுவான பொருள் ஏற்கெனவே இருக்கிறது: ஆமை தப்பிச் செல்லும் அமைப்பு வலைகளில் இல்லை என்பதற்காக இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. ஆமையின் உயிரும் இறாலின் விலையும் ஒரே முடிச்சில் இருப்பதை மீன்பிடித் துறைமுகத்தில் விளக்குவதுதான் அங்கே செய்ய வேண்டிய காட்டுயிர்ப் பேச்சு.

சரியான கையைத் தேடிப் போன பேச்சுக்குக் குஜராத்தின் திமிங்கிலச் சுறா இயக்கம் நல்ல எடுத்துக்காட்டு. 2000-ஆம் ஆண்டுவாக்கில் அந்தக் கரையில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் கொல்லப்பட்டன. மைக் பாண்டேயின் ஆவணப்படம் அதை உலகுக்குக் காட்டியது. 2001-இல் சட்டப் பாதுகாப்பு வந்தது. எனினும் தங்கள் தொழிலில் ஒன்று திடீரெனக் குற்றமாகிவிட்டதாகவே மீனவர்கள் அதைப் பார்த்தார்கள். 2004-இல் இந்திய வனவுயிர் அறக்கட்டளை தொடங்கிய இயக்கத்தில், அவர்கள் மதிக்கும் கதாசொற்பொழிவாளர் மொராரி பாபு, அந்தச் சுறாவைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளாகச் சொல்லிப் பேசினார். சொல்லோடு நிற்காமல், சுறாவை விடுவிக்க வலையை அறுத்தவருக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. விடுவித்ததற்குச் சான்றாக மீனவர்களே படம் எடுத்தார்கள். பின்னர் இதே முயற்சி கேரளக் கரைக்கும் வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்துக் கரைமடிகளில் சிக்கிய சுறாக்களை மீனவர்கள் வலையை அறுத்துக் கடலுக்குள் தள்ளிவிட்ட காட்சிகள் செய்திகளில் வந்தன. உணர்ச்சியை இந்த இயக்கம் ஒதுக்கவில்லை. அவர்களுடைய பண்பாட்டிலிருந்தே அதை எடுத்து, செலவை ஈடுசெய்யும் ஏற்பாட்டோடு இணைத்தது.

எண்ணுவதும் எழுதுவதும்

இதுவரை பார்த்தவை, செலவைச் சுமப்பவரோடு பேசியவை. செலவே இல்லாத பெரும்பான்மை நகரத்தாருக்கு என்ன வேலை உண்டு என்பதற்குப் பறவைகள் ஒரு விடை தருகின்றன. 'இந்துசூடன்' என்ற பெயரில் எழுதிய பேராசிரியர் கே.கே. நீலகண்டன் 1958-இல் 'கேரளத்திலே பக்ஷிகள்' நூலை மலையாளத்தில் கொடுத்தார். பறவையை அறிய ஆங்கிலம் தேவையில்லை என்ற நிலை அந்த நூலால் வந்தது. அவர் வழியில் வந்த தலைமுறைதான் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்களோடு கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்தியாவின் முதல் மாநிலப் பறவை வரைபடத் தொகுப்பை உருவாக்கியது. மூன்று லட்சத்தை ஒட்டிய பதிவுகள் அதில் இருக்கின்றன. தமிழகத்தில் ம. கிருஷ்ணனின் எழுத்தும், சு. தியடோர் பாஸ்கரனின் கட்டுரைகளும், ஆசையும் ப. ஜெகநாதனும் எழுதிய பறவைக் கையேடும் அதே பணியைச் செய்தன; பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு பண்டிகைக் காலத்தையே கவனிப்பின் காலமாக்கியது. எண்ணுவதால் பறவை பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். தனியாகப் பிழைக்காது. ஆனால் 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, முப்பதாயிரம் பேர் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகளை வைத்து 178 இனங்களுக்கு உடனடி அக்கறை தேவை என்று சொல்ல முடிந்தது. சம்பளம் பெறும் அறிவியலாளர்கள் மட்டும் இருந்திருந்தால் அந்தச் சான்று இன்னும் பல பத்தாண்டுகளுக்குக் கிடைத்திருக்காது. அதைவிட முக்கியமாக, ஒரு குளத்தின் பறவைகளைப் பத்தாண்டு பதிந்தவர் அந்தக் குளத்தைத் தூர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் முன் கையில் தாளோடு நிற்கிறார். பங்கேற்பு என்ற சொல்லுக்கு அங்கேதான் உயிர் வருகிறது.

இந்த முடிவுகளுக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்புகள் மூன்று. முதலாவது, பேச்சு எதற்கு, சட்டமும் காவலும் போதும் என்பது. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இல்லாதிருந்தால் பல இனங்கள் இன்று இருந்திருக்காது, சட்டம் தேவை. ஆனால் ஐந்து மைல் விதி இருந்தும் ஆமைகள் செத்தன, சட்டப் பாதுகாப்பு வந்த பிறகும் திமிங்கிலச் சுறாவைக் காக்க மீனவரின் இசைவு தேவைப்பட்டது. காவலர் இல்லாத இடத்தில் சட்டத்தை நிறைவேற்றுவது அங்கே இருப்பவரின் மனம் மட்டுமே. இரண்டாவது மறுப்பு, செலவையும் ஆபத்தையும் வெளிப்படையாகப் பேசினால் காட்டுயிருக்கு எதிரான குரல்களுக்கே அது ஆயுதமாகும் என்பது. இந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை 2022-இல் உள்ளாட்சிகளுக்குக் கேரளம் கொடுத்ததும், சட்டத்தையே தளர்த்தக் கோரும் குரல்கள் வளர்ந்ததும் கண்முன் நடக்கின்றன. எனினும் அந்தக் குரல்கள் வளர்ந்தது செலவைப் பேசியதால் இல்லை. காட்டுயிர் ஆர்வலர்கள் அதைப் பேசாமல் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்ததால்தான். மூன்றாவது, வாழிடம் சுருங்குவதும் அந்நியக் களைச்செடிகள் காட்டை மூடுவதும்தான் உண்மையான சிக்கல், பேச்சால் புல்வெளி திரும்பாது என்பது. இது முழுக்க உண்மை. பேச்சு வாழிடத்துக்கு மாற்றாகாது. ஆனால் வாழிடத்தை மீட்கப் பணமும் அரசியல் விருப்பமும் தேவை, அவை இரண்டும் வாக்காளர்களிடமிருந்தே வருகின்றன.

நகரத்துக்கு உரிய பங்கு

வாக்காளர்களில் பெரும்பாலோர் காட்டைப் பார்க்காமலே வாழ்பவர்கள். திருவனந்தபுரத்தின் ஆரியசாலையை எடுத்துக்கொள்ளலாம். சாலைக் கடைத்தெருவை ஒட்டி, நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வணிகம் செய்யும் பகுதி இது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக வரும் தெய்வங்களில் வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது இங்குள்ள கோயிலில்தான். இரு மாநிலங்களையும் இரு மொழிகளையும் அன்றாடம் கடந்து வாழும் இந்த மக்களிடம் காட்டுயிரைப் பற்றி என்ன பேசுவது? சோலைமந்தியின் அழகையோ யானையின் தாய்மையையோ சொல்வதைவிட, குழாயைத் திறந்து தொடங்குவது மேல். இந்த நகரத்தின் குடிநீர் கரமனை ஆற்றில் அருவிக்கரையிலிருந்து வருகிறது. அதற்கு மேலே, நகரின் நீர்த்தேவைக்காகவே கட்டப்பட்ட பேப்பாறை அணை இருக்கிறது. அணையைச் சுற்றியுள்ள காடு 1983 முதல் காட்டுயிர்ச் சரணாலயம். அது நெய்யாறு, களக்காடு-முண்டந்துறைக் காடுகளோடு சேர்ந்து அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக நிற்கிறது. அந்தக் காட்டில் யானை நடமாடுவதும் ஆரியசாலையில் குடம் நிறைவதும் ஒரே நிலத்தின் இரு விளைவுகள். அப்படியானால் மலையடிவாரத்தில் பயிரை இழக்கும் காணி ஆதிவாசிக் குடும்பமும் சிறு விவசாயியும் நகரத்துக்காகவும் ஒரு செலவைச் சுமக்கிறார்கள். அந்தச் செலவில் நகரத்துக்குப் பங்கு உண்டு என்பதே நகரத்தாரிடம் சொல்ல வேண்டிய முதற்செய்தி.

அந்தப் பங்கு என்ன என்பதையும் சொல்லாமல் விட்டால் இதுவும் வெறும் உபதேசமாக முடியும். பயிர் இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை விவசாயியின் கோரிக்கையாக மட்டும் விட்டுவிடாமல், காட்டுயிரை நேசிக்கும் நகர அமைப்புகள் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். நகரத்தின் உணவுக்கழிவு ஊர்ப்புறங்களில் கொட்டப்பட்டுக் காட்டுப்பன்றியை ஈர்க்காமலிருக்க, கடைத்தெருவின் வணிகர் சங்கங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எல்லைப்புறங்களில் வனத்துறையின் எச்சரிக்கைகளும் இழப்பீட்டு விண்ணப்பங்களும் மலையாளத்திலும் தமிழிலும் வர வேண்டும். யானை மாநில எல்லை பார்த்து நடப்பதில்லை என்பதை அரிக்கொம்பனும் மானந்தவாடியும் கற்பித்தாயிற்று. ஊடகங்கள் ஒரு யானையின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஊரில் வாழ்பவரின் குரலையும் கேட்டுப் போட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை அளக்கும் முறை மாற வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்ற கணக்கு எதையும் காட்டாது. நிகழ்ச்சிக்குப் பிறகு எத்தனை பாம்புகள் அடிபடாமல் மீட்கப்பட்டன, எத்தனை வலைகளில் ஆமை தப்பும் வழி வைக்கப்பட்டது, யானையால் இறந்தவர் எண்ணிக்கை குறைந்ததா, இழப்பீடு வர எடுக்கும் நாட்கள் சுருங்கினவா என்று கேட்டால்தான் பேச்சு பலித்ததா என்று தெரியும்.

காட்டுயிர் மீதான அன்பு நம்மிடம் குறைவாக இல்லை. அந்த அன்புக்குச் செலவில் பங்கேற்கும் மனமும் எதிரே இருப்பவரின் கேள்விக்கு அவர் மொழியில் விடை சொல்லும் பொறுமையும் சேரும்போது அமைதிப் பள்ளத்தாக்குகள் இன்னும் பல காப்பாற்றப்படும். அது சேராத வரையில், காட்டைக் காக்கும் சுமை அதை ஏற்கெனவே சுமப்பவர் தோளிலேயே இருக்கும். அவர் அதை இறக்கி வைக்க முடிவெடுக்கும் நாளில் நம்முடைய பாராட்டுகளால் அதைத் தடுக்க முடியாது.